கல்வியாளர் பேசுகிறார், அமைதி!

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லையோ, அந்த மண்டபத்தில் இவர் இருப்பார். பேனரில் பெயருக்கு முன்னால் 'பிரபல கல்வியாளர்'. கத்திரி வெயிலிலும் கோட்டு. கையில் திரையின் மேல் சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவி. அத்திப்பட்டுக்கு வந்தாரானால் பேச்சைத் தொடங்கும் விதம் மாறவே மாறாது: "அஜித் படத்துல காணாமப் போன ஊருக்கு வந்திருக்கேன்!" 2001இல் வந்த 'சிட்டிசன்' படத்து ஊர் அத்திப்பட்டி, இது அத்திப்பட்டு. இந்த ஊர் நினைத்தாலும் காணாமல் போக முடியாது. அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என்று ரயில் நிலையமே இரண்டு. போதாததற்கு அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் பல மைல் தூரத்துக்கு அடையாளம் காட்டுகின்றன. கூட்டம் மரியாதைக்குச் சிரிக்கும். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே நகைச்சுவைக்குச் சிரித்துப் பழகிய ஊர்.

இவரை ஜோசியரோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அது ஜோசியருக்குச் செய்யும் அநியாயம். ஜோசியர் பலன் சொல்லுமுன் அந்தப் பிள்ளையின் ஜாதகத்தையாவது வாங்கிப் பார்ப்பார். இவர் எந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் பார்ப்பதில்லை. ஐந்நூறு பேருக்கும் ஒரே பலன். ஆனால் இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். நிறையத் தெரியும். தெரிந்ததெல்லாம் போன வருடத்தைப் பற்றியது, விற்பதோ அடுத்த நான்கு வருடத்தை. என் வழக்கு இவ்வளவுதான். சான்றுக்கு அவருடைய தொழில் வரலாறே போதும். தமிழ்நாட்டில் 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று பேசினார். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இனி மதிப்பெண்ணே எல்லாம், ஆகவே ஒரு மார்க்கும் உயிர் மார்க் என்று பேசினார். 2017இல் நீட் வந்து சேர்ந்தது, அதற்கும் பேசினார். 1200 மதிப்பெண் 600 ஆனது, நேரில் போய் உட்கார்ந்த கலந்தாய்வு 2018இல் இணையத்துக்குப் போனது. கொள்கைகள் வந்து போயின, பயம் மட்டும் நிலையாக இருந்தது. அந்தப் பயம்தான் அவருடைய நிரந்தரப் பணி.

கட்-ஆஃப் விஷயத்தைப் பாருங்கள். பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50, ஆக 200. பாதி எடை கணக்கில் இருப்பதால், அந்த வினாத்தாள் கொஞ்சம் கடினமானால் மாநிலம் முழுவதும் கட்-ஆஃப் இறங்கும், எளிதானால் ஏறும். போன வருடக் கட்-ஆஃப் என்பது போன வருடப் பிள்ளைகள், போன வருட வினாத்தாளில், போன வருட ஆசைகளோடு போட்டியிட்ட கணக்கு. இவர் அதைத் தசம புள்ளியோடு ஒப்பிப்பார். இந்த வருடம் என்ன ஆகும் என்று கேட்டால், "குறைய வாய்ப்பிருக்கு, ஏறினாலும் ஆச்சரியமில்லை" என்பார். தோற்கவே முடியாத வாக்கு. 'ஸ்கோப்' இன்னும் சுவாரசியம். ஒரு பிரிவுக்கு ஸ்கோப் இருக்கிறது என்று எல்லா மண்டபத்திலும் ஒரே மாதிரி சொன்னால் எல்லோரும் அதில் சேர்வார்கள், கட்-ஆஃப் ஏறும், "பார்த்தீங்களா, சொன்னேன்ல!" என்று அடுத்த மே மாதம் அதையே சான்றாகக் காட்டலாம். எல்லோரும் ஒன்றாக வெளியே வந்து வேலை தேடும்போது நான்கு வருடம் ஓடியிருக்கும். இவர் அப்போது வேறொரு பிரிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பத்து வருடத்துக்கு முன் மெக்கானிக்கலுக்குத் தள்ளுமுள்ளு. இன்றைக்குத் திரையில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் மின்னுகின்றன.

வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காத குடும்பத்துக்கு இவரை விட்டால் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் அரசே 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று வழிகாட்டித் திட்டங்களைத் தொடங்கியதன் காரணமும் அதுதானே. அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் வேண்டியது என்ன? முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் 'கிடைக்கும்' என்று தோன்றுகிற கல்லூரியைத் தலையில் வைக்கக் கூடாது. பிடித்ததை முதலில் வைக்க வேண்டும், கணினி மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். இவை அவருக்குத் தெரியும், தெளிவாகவும் சொல்வார். மூன்று மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், சமோசா விநியோகம் தொடங்கிய பிறகு.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை கலிபோர்னியாவைக் கனவு காணட்டுமே, அதில் உனக்கென்ன வருத்தம் என்பது. வருத்தமில்லை. ஆனால் சிவப்புப் புள்ளி கலிபோர்னியாவில் நிற்கிற நேரத்தில், அத்திப்பட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் வட சென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது, வல்லூரில் இன்னொன்று, காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்தப் பிள்ளைகள் அவற்றை வாயிற்கதவு வரைதான் அறிவார்கள்: அப்பாவின் கேட் பாஸ், ஷிப்ட் சங்கு, துணி காயப்போட்டால் படியும் தூசி. உள்ளே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் என்ன படித்தார், அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வந்தார் என்று சொல்ல ஆளில்லை. பக்கத்துப் பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. பழவேற்காட்டு ஏரிக்குப் பக்கத்தில் மீன்வளம் படிப்பதைவிடப் பொருத்தமான படிப்பு என்ன இருக்க முடியும்! அவருடைய படக்காட்சியில் இவற்றுக்கு ஒரு பக்கமும் இல்லை. ஏனென்றால் அதே படக்காட்சி நேற்று வேலூரில் ஓடியது, நாளை விருதுநகரில் ஓடும். "பொன்னேரி காலேஜுக்கு எப்போ சார் அப்ளிகேஷன் போடணும்?" என்று ஒரு தாய் எழுந்து கேட்டால், "நல்ல கேள்விம்மா" என்று தொடங்கி பெங்களூரில் முடிப்பார்.

மண்டப வாசலில் தனியார் கல்லூரிகளின் கடைகள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மைக், சமோசா, இலவசப் பை எல்லாம் அவர்கள் கொடுத்தது. "கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மிகக் கவனமாக இருங்கள்" என்று அவர் முழங்குவதும், எதில் கவனம் என்று பெயர் சொல்லாமல் நகர்வதும் அதனால்தான். ஒரு யோசனை உண்டு. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தூக்கி முதலில் வைத்துவிடலாம். ஏற்பாட்டாளர்கள் சம்மதிக்க மாட்டார்கள். கேட்டு முடித்ததும் பாதிப் பேர் இ-சேவை மையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், மீதி இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்குப் பயப்பட ஆள் கிடைக்காது.