நாளைக்கு வரும் செக்

மெக்கானிக்கல் படிப்பவனுக்கு மேனேஜ்மென்ட் பேப்பர் என்பது தூரத்து உறவுக் கல்யாணம். யாரையும் தெரியாது, தலையைக் காட்டிச் சாப்பிட்டுத் திரும்பினால் போதும். ஹென்றி ஃபாயோலின் 14 கோட்பாடுகளை முதலெழுத்துகளாகக் கோத்து ஒப்பித்தோம். ஃபாயோல் சுரங்கப் பொறியாளர், 1911இல் விஞ்ஞான மேலாண்மை பற்றிப் புத்தகம் போட்ட டெய்லரும் மெக்கானிக்கல் என்று சார் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்தது. நமக்கு அரியர் விழ நம்ம ஆட்களே காரணமா!

பிரேக் ஈவன் கணக்கு மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. நிலையான செலவு ஒரு லட்சம். உருப்படி விலை 300 ரூபாய், அதற்கு ஆகும் செலவு 180. லட்சத்தை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் 833.33. 834ஆவது உருப்படியிலிருந்து லாபம், முழு மார்க்.

அந்த வித்தையோடு செமஸ்டர் லீவில் கோவை கணபதியில் சித்தப்பாவின் லேத் பட்டறைக்குப் போய், கிராஃப் ஷீட்டை நீட்டினேன். எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதுல பார்ட்டி எப்பப் பணம் குடுக்கறான்?"

கிராஃபில் பார்ட்டியே கிடையாது. என் 834 உருப்படிகளும் செய்த நொடியில் விற்று, விற்ற நொடியில் காசாகிவிடும். சித்தப்பாவின் உருப்படிகளோ டெலிவரி சலானோடு போய், இன்ஸ்பெக்‌ஷனில் படுத்து, பில்லாகி, மூன்று மாதம் கழித்துத்தான் காசாகும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே இருக்கிறதே என்றேன்.

"இருக்கட்டும் சாமி. சட்டத்தக் காட்டுனா அடுத்த ஆர்டர் யார் குடுப்பா?"

இதற்கு ஃபாயோலிடம் 15ஆவது கோட்பாடு இல்லை. நடுவில் சனிக்கிழமை வந்தால் டர்னர்களுக்குச் சம்பளம். வராத பணத்துக்கும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி. ஒர்க்கிங் கேப்பிடல் என்று புத்தகத்தில் அரைப் பக்கம் உண்டு. சீனியர்கள் 'ரெண்டு மார்க்' என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். கணபதியில் அது சித்தியின் வளையல். வீட்டுக்கும் பேங்குக்கும் நடந்தே தேய்ந்திருந்தது.

தேய்மானம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடிட்டர் லேத்துக்கு வருடம் 15 சதவீதம் கழிப்பார். மிச்சத்தில் 15, அந்த மிச்சத்தில் மறுபடி 15. கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு லட்ச ரூபாய் மெஷின் 20 வருடத்தில் 3,876 ரூபாய். எத்தனை வருடம் கழித்தாலும் பூஜ்யத்தைத் தொடாது. கால்குலஸில் படித்த லிமிட், நெற்றியில் விபூதிப் பட்டையோடு என் முன்னால் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தது! சிலிர்ப்போடு சித்தப்பாவிடம் சொன்னேன்.

"அந்த வெலைக்கு எங்கியாச்சும் கெடச்சா நாலு வாங்கிப் போடு கண்ணு."

லீவு முடியும் வாரம் என்னை வசூலுக்கு அனுப்பினார். கம்பெனி அக்கவுன்ட்ஸில் ஏசி அறை. உட்கார வைத்தார்கள்; எந்தக் காலேஜ், எத்தனையாவது வருடம் என்று அன்பாக விசாரித்தார்கள். எம்.டி. கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம், செக் நாளைக்கே ரெடியாம். பட்டறைக்கு வந்து பெருமையாக ஒப்பித்தேன்.

"டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சித்தப்பா."

"பிஸ்கட்டு?"

"அதுவும் குடுத்தாங்க."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். "அந்த வளையலக் கழட்டி வெய்யி."