மூணு விசில் கோட்பாடு: மேகமலைப் பருப்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்ச் சமையலறையை இன்று ஆளும் அளவைகளுள் ஆய்வாளர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஒன்று உண்டு. அது குக்கர் விசில். அரிசிக்கு 3, பருப்புக்கு 3, கொண்டைக்கடலைக்கு 6, ஆட்டுக்கறிக்கு ‘எளசா முத்தலான்னு பாத்து விட்டுக்க’ என்று வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் இந்த அளவை எங்கே நிற்கிறது, எங்கே கவிழ்கிறது என்று சின்னமனூருக்கும் மேகமலைக்கும் நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழிவழியாக என்றது ஒரு மரியாதைக்கு. ஹாக்கின்ஸ் கம்பெனி தொடங்கியதே 1959-இல்தான்.

களம் பற்றி முதலில். சின்னமனூர் கம்பம் பள்ளத்தாக்கின் தரையில், கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கிறது. மேகமலை சுமார் 1500 மீட்டர். நடுவில் தென்பழனி சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மலையின் பழைய பெயர் பச்சைக்கூமாச்சி. தேயிலை போட வந்த வெள்ளைக்காரர்கள் ஹைவேவிஸ் என்றார்கள். பேரூராட்சிக்கு இன்றும் அந்தப் பெயர்தான். கீழே ஒரு சமையலறை, மேலே ஒரு சமையலறை, இரண்டும் உறவுக்காரர்களுடையவை, அடுப்பில் ஒரே பருப்பு. ஆய்வகம் என்று தனியாக எதற்கு?

மூலபாடம் தொலைபேசி வழியாகக் கிடைத்தது. மலையில் இருக்கும் நாத்தனார் கேட்கிறாள், கீழே இருக்கும் மதினி சொல்கிறாள்.

“மதினி, பருப்பு எப்பிடி வெக்கிறீக? எனக்கு மட்டும் திப்பி திப்பியா நிக்கிது.”

“அதுல என்னத்தா இருக்கு? ஒரு டம்ளர் தொவரம்பருப்பக் கழுவிப் போடு. ரெண்டரை டம்ளர் தண்ணி. மஞ்சத்தூளு, நாலு பல்லு பூடு, ரெண்டு சொட்டு வெளக்கெண்ண. மூணு விசில் விட்டு எறக்கி, உப்பப் போட்டு மத்த வெச்சு நல்லாக் கடஞ்சிரு. பெறகு சீரகம், வரமொளகா, கருவேப்பல, சின்ன வெங்காயம் தாளிச்சுக் கொட்டி...”

இவ்விடத்தில் பாடம் சிதைந்துள்ளது. மழைமேகம் இறங்கினால் மேகமலையில் சிக்னல் நிற்பதில்லை. மீண்டும் கிடைக்கும் பகுதி வருமாறு: “...அத மட்டும் மறந்துராத. மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் தப்பில்ல.”

கல்வெட்டியலில் இது புதிதல்ல. தானம் கொடுத்தவன் பெயர் இருக்கும், வாங்கியவன் பெயர் இருக்கும், என்ன கொடுத்தான் என்ற வரியில் மட்டும் கல் பொரிந்திருக்கும். மதினி சொன்ன ‘அது’ நெய் என்று ஒரு கட்சி, பெருங்காயம் என்று இன்னொரு கட்சி. மதினியையே மறுபடி கேட்கலாமே என்பார்கள். கேட்டாயிற்று. “நான் அப்பிடிச் சொன்னேனா?” என்கிறாள். மூல ஆசிரியரின் வாக்குமூலம் ஆய்வுக்கு உதவாது என்ற கொள்கைக்கு இது வலுச் சேர்க்கிறது.

முன்னோர் ஆய்வுகளையும் பார்த்துவிட வேண்டும். நம் முன்னோர் அளவில் அசட்டையானவர்கள் அல்லர். 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. பெருக்கிப் பார்த்தால் படிக்கு 14,400 நெல். நெல்லை ஒவ்வொன்றாக எண்ணி அளவை வகுத்த இனம், உப்பு என்று வந்தால் ‘வாய்க்குத் தக்கன’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதி அளவுகளை அச்சில் கட்டிப்போட்டார். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் கடைத்தெருவுக்குள் நுழைந்தன. சமையலறை வாசலில் இரண்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதோடு சரி.

இந்தப் பள்ளத்தாக்கோடு தொடர்புடைய மிகப் பழைய சமையல் குறிப்பும் குறையுள்ளதே. மதுரையில் மாதரி வீட்டில் கண்ணகி சமைத்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி எல்லாம் வருகின்றன. விரல் சிவந்ததும் முகம் வியர்த்ததும் வருகின்றன. எத்தனை பேருக்கு, எவ்வளவு உப்பு என்பது வரவில்லை. பருப்பும் இல்லை. குக்கர் இல்லாத காலத்தில் கோவலனைப் பருப்பு வேகும்வரை உட்கார வைக்க முடிந்திருக்காது என்பது இவ்வாய்வாளரின் ஊகம். அந்தக் கண்ணகிதான் பிறகு வைகைக் கரையோடு நடந்து மலையேறினாள். கூடலூருக்கு மேலே மங்கலதேவிக் கோட்டத்தில் சித்திரை முழுநிலவன்று இன்றும் கூட்டம் கூடுகிறது.

இனிக் கருதுகோள். நாத்தனார் கட்சியின் வாதம் எளிது: “மலையில மூணு பத்தாது மதினி, அஞ்சு விடணும்.” இதற்கு இயற்பியலின் ஆதரவு உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் முன்னதாகவே கொதித்துவிடும். சின்னமனூரில் 99 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர் மேகமலையில் 95-லேயே தளதளவென்று பொங்குகிறது. பார்க்கிறவர்கள் நன்றாகக் கொதிக்கிறது என்று நம்புவார்கள். பருப்பு நம்பாது. அதற்கு வேண்டியது சூடு, ஆரவாரம் அல்ல. திறந்த பாத்திரத்தில் வைத்தால் மலையில் நேரம் கூடத்தான் செய்யும்.

ஆனால் குக்கர் திறந்த பாத்திரம் அல்ல. 1679-இல் தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய மூடிய கொப்பரைதான் இதன் பாட்டன். 1682-இல் அதில் சமைத்து அறிஞர்களுக்கு விருந்தே வைத்தார். எலும்பு பாலாடைக்கட்டி போல மெத்தென்று வெந்திருந்ததாக அன்று சாப்பிட்ட ஜான் எவ்லின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கொப்பரை வெடித்துவிடாமல் இருக்க ஆவியை வெளியேற்றும் எடைகட்டிய ஒரு வால்வையும் பப்பேன் செய்தார். அந்த உயிர்காக்கும் ஏற்பாட்டின் வாரிசைத்தான் நாம் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

குக்கரின் வெயிட், வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடுதல் அழுத்தம் சேர்ந்தால்தான் எழும்பும். கடல்மட்டத்தில் அப்போது உள்ளே 120 டிகிரி. மேகமலையில் கணக்குப் போட்டால் 118 அளவுக்கு வருகிறது. ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் மலையை மூடியைத் திருகிய மாத்திரத்தில் குக்கர் 2 டிகிரியாகச் சுருக்கிவிடுகிறது. இந்த 2 டிகிரிக்கு 2 விசில் கூடுதலா? நாத்தனார் கட்சி இங்கே தோற்கிறது.

மதினி கட்சி கொண்டாட வேண்டாம். விசில் என்பது காலத்தின் அளவு அல்ல, அது ஒரு சம்பவம். தீயைப் பெரிதாக வைத்தால் மூன்றும் சடசடவென்று வந்துவிடும். பருப்பு அப்போதுதான் விழித்திருக்கும். தீயைத் தணித்தால் அதே மூன்று வருவதற்குள் பருப்பு மலர்ந்து மாவாகிவிடும். 3 லிட்டர் குக்கரில் கால்வாசி போட்டால் ஒரு கணக்கு, 5 லிட்டரில் வழிய வழியப் போட்டால் இன்னொரு கணக்கு. குக்கரோடு வரும் கையேடு ஆவி கட்டியபின் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் வை என்றுதான் சொல்கிறது. அந்தக் கையேட்டை வாரண்டி அட்டையோடு மடித்து வைத்த பெட்டி பரணில் இருக்கிறது.

தண்ணீர் இன்னும் பெரிய கலகக்காரன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருந்தால் பருப்பின் செல்சுவர் இறுகிவிடும். ஆற்றுத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். மலை ஊற்று பெரும்பாலும் மென்னீர். அதாவது காற்றழுத்தம் கெடுத்ததைத் தண்ணீர் சரிசெய்யப் பார்க்கிறது. இதற்குமேல் பருப்பின் வயது. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. சோற்றுக்கு உள்ளூரிலேயே ஆதாரம் உண்டு. துவரை அப்படியல்ல. மகாராஷ்டிரத்திலோ கர்நாடகத்திலோ விளைந்து, எத்தனையோ குடோன்களில் தங்கி, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வந்து சேர்கிறது. நாள்பட்ட பருப்பு எத்தனை விசிலுக்கும் மசிவதில்லை. ஆளுக்கு ஒரு நாள் புதிது, ஒரு நாள் பழசு என்று விழுந்தால், மதினியின் கைப்பக்குவம் என்று நாம் புகழ்வதில் பாதி கடைக்காரர் கைவண்ணம். இதை மதினியிடம் சொல்லும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.

பருப்போடு புளியைச் சேர்த்துக் குக்கரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புளிப்பு, பருப்பு மசிவதைத் தடுக்கும். அவர்கள் 10 விசில் விடட்டும்.

புளி என்றதும் ரசம். கொழுந்து பறித்து விறைத்த விரல் சுடுசோற்றுக்குள் போனால்தான் மடங்குகிறது. மத்தியானமே இருட்டும் நாளில் பருப்புச்சோறும் அதன்மேல் பூண்டு ரசமும் தவிர வேறெதையும் மலையில் மனசு கேட்பதில்லை. ரசத்தின் பக்குவமும் எளிதுதான்: மிளகும் சீரகமும் தட்டி, பூண்டை நசுக்கி, நெல்லிக்காயளவு புளி கரைத்து, நுரை கூடியதும் இறக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. எந்த நெல்லிக்காய்? காட்டு நெல்லி கோலிக்குண்டு அளவு. தோட்டத்து என்ஏ-7 நெல்லி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தோட்டத்து நெல்லியை மனதில் வைத்து மதினி சொல்ல, காட்டு நெல்லியை நினைத்து நாத்தனார் கரைத்தால் அங்கே வருவது மிளகு வெந்நீர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பிகேஎம்-1 முருங்கையைக் கொடுத்து ‘ஒரு முருங்கைக்காய்’ என்ற அளவையே நீட்டிவிட்டது. நெல்லிக்காயளவுக்கும் யாராவது ஒரு தரம் நிர்ணயித்தால் தேவலை.

பூண்டுக்கு அந்தக் கவலை இல்லை. வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டை வாங்கினால் நாலு பல்லு என்பதை ரெண்டு பல்லாக்கிக் கொள்ளலாம், அவ்வளவு காரம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றைத் தின்று வளர்ந்த ஊரின் கடைந்த பருப்புக்கு ஒரு சான்றிதழும் இல்லை. விண்ணப்பித்தாலும் ‘தயாரிப்பு முறை’ என்ற கட்டத்தில் எத்தனை விசில் என்று எழுதுவது?

எதிர்க்கருத்து ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். வெறும் அரிசியே போதும், பருப்பும் ரசமும் மிகை என்ற கொள்கையை உடையது அரிக்கொம்பன். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், மேகமலைக்கு வந்தது, மே 27-இல் கம்பம் நகருக்குள்ளேயே இறங்கியது. ஊர் அன்று சிரிக்கவில்லை, 144 தடை போட்டிருந்தது. ஜூன் 5-இல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். மனசுக்குப் பிடித்த சாப்பாட்டுக்காக ஓர் உயிர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இவ்வாய்வுக்குக் கிடைக்கவில்லை. வேகவைக்காத அரிசி என்பதால் விசில் பிரச்சினையும் அதற்கு எழவில்லை.

முடிபு: 3-ம் தவறு, 5-ம் தவறு. பக்குவம் சொல்கிறவர்கள் தங்கள் அடுப்பையும் தண்ணீரையும் பருப்பு வாங்கிய நாளையும் சொல்லாமல் விசிலை மட்டும் சொல்கிறார்கள். அவர்களுக்கு மற்றவை கண்ணில் படுவதே இல்லை. ஆகவே இனி யாரிடமாவது பக்குவம் கேட்டால் குக்கர் எத்தனை லிட்டர், தண்ணீர் எங்கேயிருந்து, பருப்பு எப்போ வாங்கினது என்று கேட்டுவிட்டு, தீயைத் தணித்தபின் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மலையில் யார் வீட்டிலாவது விருந்துக்கு உட்கார்ந்திருந்தால் இதையெல்லாம் கேட்டு அவர்களைத் தாமதப்படுத்த வேண்டாம். பருப்பு வெந்தாலும் வேகாவிட்டாலும் சாயங்காலம் 6 மணிக்குள் தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும்.