கண்ணுக்கு லட்சணமான சக்கரம்

1889 மே மாதம், பெல்ஃபாஸ்டில் ஒரு கல்லூரி விளையாட்டு விழா. வில்லி ஹியூம் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததும் கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மற்றவர்கள் வண்டியில் ஒல்லியான கெட்டி ரப்பர், லட்சணமான சக்கரம். இவர் வண்டியிலோ ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி ஏதோ ஒன்று சுற்றிக் கிடந்தது. பந்தயம் முடிந்தபோது மலைப்பாம்புதான் முதலில் வந்திருந்தது.

தோற்றவர்களில் டு க்ரோ வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அப்பா ஹார்வி டு க்ரோ விவரமான மனுஷர். பிள்ளைகளைத் திட்டி நேரத்தை வீணாக்காமல், அந்த டயரை விற்கிற கம்பெனிக்கே தலைவராகிவிட்டார்.

டயரைச் செய்தவர் ஜான் பாய்ட் டன்லப், மாட்டு டாக்டர். மகனின் மூன்று சக்கர வண்டி கல் தெருவில் கடகடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு மரத்தட்டைச் சுற்றி ரப்பர் குழாயைக் கட்டி, ஃபுட்பால் பம்பால் காற்றடித்து, முற்றத்தில் உருட்டிவிட்டார். கூடவே மகன் வண்டியின் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் உருட்டினார். அது பாதி வழியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. காற்றுச் சக்கரம் முற்றத்தைத் தாண்டி கதவில் முட்டித் திரும்பியது. 1888இல் பேட்டன்ட் வாங்கினார். இரண்டு வருடத்தில் அது செல்லாமல் போனது. ராபர்ட் தாம்சன் என்ற 23 வயதுக்காரர் 1845லேயே இதே யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார். குதிரை வண்டிக் காலம், யாரும் சீந்தவில்லை.

டன்லப் டயருக்கு ஒரே ஒரு சின்னக் குறை: ரிம்மைவிட்டுப் பிரியாது. அந்த டயர் பஞ்சரான வண்டி ஒன்று 1889இல் க்ளேர்மோன்-ஃபெரானில் மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு வந்தது. பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், காய ஓர் இரவு. மறுநாள் எடுவார் மிஷ்லின் ஆசையாக ஏறி மிதித்தார். சில நூறு மீட்டரில் புஸ்ஸ். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் டயர். 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயம், சுமார் 1,200 கி.மீ. மிஷ்லின் டயரில் போன ஷார்ல் தெரோன் ஜெயித்தார். டன்லப் டயரில் முன்னால் போன ழியேல்-லவால் ராத்திரி தூங்கிய நேரத்தில்தான் தெரோன் தாண்டினார். இந்த வெற்றியை டயர் கணக்கில் எழுதுவதா, தலையணை கணக்கில் எழுதுவதா?

அடுத்தது ரிம் தகராறு. டூர் தெ பிரான்ஸை நடத்திய ஆன்ரி தெக்ரான்ஜுக்குப் புதிதாக எது வந்தாலும் ஆகாது. கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்பவர். ரிம் என்றால் மரம்தான், உலோகம் கூடாது. மலையிறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து உலோகம் சூடாகும், டயரை ஒட்டிய பசை இளகும், டயர் கழன்று ஓடும் என்று பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் மர ரிம் கனம். 1934இல் ஆன்தொனான் மாஞ் என்ன செய்தார் தெரியுமா? மாவிக் கம்பெனி கொடுத்த டியூராலுமின் ரிம்மில் மர நிறம் பூசிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு மரம், மிதித்தவருக்கு அலுமினியம். டூரையே ஜெயித்துவிட்டார். காட்டிலாகா அதிகாரிக்குக்கூட சந்தேகம் வந்திருக்காது.

பிறகு பந்தயக்காரர்களைப் பிடித்தது ஒல்லி மோகம். டயர் மெலிந்தால் வேகம், கல்லாக இறுகக் காற்றடித்தால் இன்னும் வேகம். 23 மி.மீ. டயரில் பல் கிட்டிக்க மிதித்தார்கள். ஒவ்வொரு குலுக்கலும் உடம்பையே ஆட்டி உழைப்பைத் தின்கிறது, அதே காற்றழுத்தத்தில் அகல டயர் குறைவாக நசுங்கி லகுவாக உருளும் என்பது மண்டையில் ஏறப் பல பத்தாண்டுகள் ஆயின. கண் ஒல்லியைத்தானே வேகம் என்றது! இப்போது அவர்களே 28, 30 மி.மீ. டயரோடு வந்து நிற்கிறார்கள். மலைப்பாம்பு திரும்பிவிட்டது.

என் பரணில் 23 மி.மீ. டயர் ஒரு ஜோடி கிடக்கிறது. மொட்டைமாடியில் கொடியாகக் கட்டித் துணி காயப்போடலாமா என்று கேட்கிறாள் மனைவி.