எங்கள் ஆய்வகம் சிவகாசியில் இருக்கிறது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சட்டத்துக்குப் பயந்த கடை என்றால் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஒவ்வாமை தகவல்: பால் உள்ளது.' நல்ல வேளை, சொன்னார்கள். பக்கத்து ராஜபாளையத்து மில்லில் பஞ்சு வாங்கிக் கிண்டுகிறார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தோம்!

என் தங்கை மகளுக்கு நிலக்கடலை சேராது. சேராது என்றால் தும்மலும் நமைச்சலும் இல்லை. உதடு வீங்கும். மூச்சு அடைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கோடை லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காட்டிவிட்டு, கூட்டம் மொய்க்கும் ஒரு கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

"அண்ணாச்சி, இதுல கடலை ஏதும் சேருமா?"

"சுத்தமான பசும்பால் சார்."

"கடலை சேருமான்னு கேட்டேன்."

"நெய்யும் நம்ம சொந்த நெய்தான்."

பேசிக்கொண்டே கடலைமிட்டாயை உடைத்து ஒருவருக்குக் கட்டினார். அதே கையால் பால்கோவாவை அள்ளித் தட்டில் வைத்தார். விரல் நுனியில் செந்நிறக் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு நிலக்கடலைக்கு வைத்த எல்லை 2 மில்லிகிராம் புரதம். ஒரு பருப்பில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே அந்தக் கணக்கு தீர்ந்தது. அண்ணாச்சியின் ஆள்காட்டி விரலே எல்லை தாண்டியிருக்கும்.

"டப்பாவில எல்லாம் போட்டிருக்கு, பாருங்க சார்" என்றார். பார்த்தேன். 'கோதுமை, நிலக்கடலை, முந்திரி, சோயா, முட்டை, மீன் இருக்கலாம்.' ஆண்டாள் ஊர்ப் பால்கோவாவில் மீன் இருக்கலாமாம்! யார் சோதித்துச் சொன்னது என்று கேட்டேன். "சிவகாசி பிரஸ்ல சார். எல்லாக் கடைக்கும் ஒரே டிசைன்தான்."

ஆக, எங்கள் வட்டாரத்து ஒவ்வாமை ஆய்வகம் சிவகாசியில் இருக்கிறது. ரசாயனம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். நான்கு கலர் மை போதும்.

'இருக்கலாம்.' என்ன அருமையான சொல்! ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் வைத்திருந்ததை டப்பாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தால் சரக்கு சுத்தம். மூச்சு அடைத்தால், 'நாங்கள்தான் எச்சரித்தோமே!' கரண்டியைக் கழுவும் வேலை கடைக்காரனுடையது. அதைக் கழற்றித் தாயின் தலையில் கட்டியாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம். 2020-ல் லேபிள் விதிகள். ஒவ்வாமைப் பட்டியலில் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், கடலை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எள்ளைக் காணோம். அமெரிக்கா எள்ளைச் சேர்த்துவிட்டது, ஐரோப்பா எப்போதோ சேர்த்துவிட்டது. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் அதிகாரிகள் நிறைந்த நாட்டில், எள்ளுருண்டைக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காக்காரன் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஜனவரியில் எள் சட்டம் அமலானதும், அங்கே சில ரொட்டிக் கம்பெனிகள் எந்திரத்தைக் கழுவும் செலவுக்குப் பயந்து, எள் மாவை வேண்டுமென்றே கலந்து 'எள் உள்ளது' என்று அச்சடித்துவிட்டன. சிவகாசிக்கு ஒரு கிளை அங்கேயும் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2015 வாக்கில் சீரகப் பொடியில் பாதாம் இருப்பதாகச் சோதனை சொன்னது. சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அரசு ஆய்வகம் தோண்டித் துருவியது. கடைசியில் அது பாதாம் இல்லை, மகாலெப் என்ற காட்டுச் செர்ரி விதை. பாதாமுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதனால் சோதனை ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது. அங்கே பாதாமா, பாதாமின் பங்காளியா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இங்கே மைதா பால் வேடத்தில் பஸ் ஏறிப் போகிறது.

ஆமாம், மைதா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. விறகடுப்பில் புகை குடித்துக் கிண்டுகிறவர்கள் இங்கே வியர்க்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு எங்கோ தயாரான சரக்கு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக விற்கிறது. கோவாவில் மாவு கலப்பது நாடறிந்த வித்தை. ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகும். பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். மைதா என்றால் கோதுமை, கோதுமை என்றால் குளூட்டன். 'குளூட்டன் இல்லை' என்று எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது விதி. விதி மில்லிகிராமில் பேசுகிறது. கலப்படக்காரன் கைப்பிடியில் பதில் சொல்கிறான்.

சோதிக்க வழி இல்லையா? இருக்கிறதே! அதிகாரி வருவார். மாதிரியை நான்கு பங்காக்குவார். சீல் வைப்பார். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் மாநிலத்துக்கே ஆறு. மதுரையில் ஒன்று, பாளையங்கோட்டையில் ஒன்று. அறிக்கை தர 14 நாள். அதற்குள் சர்க்கரை வியாதித் தாத்தா திருட்டுத்தனமாகத் தின்று மிச்ச டப்பாவையும் காலி செய்திருப்பார். நம் ஊர் இனிப்பில் கடலைச் சுவடு இருந்தது, கடை மாட்டியது என்று நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

இதே ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கடல் கடந்து போகிறது. வெளிநாட்டான் புண்ணில் படுவதற்குச் சான்றிதழ் கேட்கிறான், கொடுக்கிறோம். உள்நாட்டுப் பிள்ளையின் தொண்டையில் இறங்குவதற்குச் சிவகாசி டிசைன் போதும்.

அன்றைக்குப் பால்கோவா வாங்கவில்லை. தங்கை மகளின் முகம் வாடிவிட்டது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சப்பட்டை மாம்பழம் ஒன்றை நறுக்கித் தரச் சொன்னேன். மாம்பழத்துக்கு லேபிள் கிடையாது. அந்த நிம்மதியில் காசை எடுத்தேன். பழக்காரம்மா தினசரித் தாளில் துடைத்துக் கத்தியை எடுத்தார்.

"ஆச்சி, இந்தக் கத்தியால இதுக்கு முந்தி என்ன வெட்டினீங்க?"

கேட்டது நான் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை.