பூனை படி தாண்டாது, சரி, உன் செருப்பு?

ஏம்பா தம்பி, ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்கு வந்து பூனை வளக்கிறே, சந்தோஷம். ஊசி போட்டியான்னு கேட்டா ‘அருணாசலேஸ்வரர் பார்த்துப்பார்’ங்கறே. பார்த்துப்பார்தான். அப்புறம் பைக்குக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பூட்டு?

‘என் பூனை வாசப்படி தாண்டாது’ன்னு பெருமை வேற. 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்போட சுத்துற பக்தன் நீ. தெருப்பூனை பேண்ட மண்ணையெல்லாம் மிதிச்சுட்டு நேரா அடுப்படிக்கு வர்றே. பூனைக்கு வர்ற பார்வோ இருக்கே, டாக்டருங்க பேன்லியூகோபீனியாம்பாங்க, அந்தக் கிருமி மண்ணுல ஒரு வருஷம்கூட சாகாம கெடக்கும். டெட்டால் ஊத்தினா பன்னீர் தெளிச்ச மாதிரி குளிர்ந்து உக்காரும்; பிளீச்சிங் தண்ணிக்குத்தான் அடங்கும். குட்டிக்கு வந்தா வாந்தி, பேதி, ரத்தத்துல வெள்ளையணு விழுந்துடும். தப்பிக்கிறது கொஞ்சம்தான்.

ட்ரைகேட் ஊசின்னு கேளு. பார்வோவோட, சளி, கண்ணுல பீளை, வாய்ப்புண்ணு கொண்டாந்து விடுற ஹெர்பஸ், கலிசி ரெண்டுக்கும் அதுவே. 6, 8 வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் வரைக்கும். டாக்டர் காசு பறிக்கிறார்னு மொறைக்காதே. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிறவரை ஊசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் எறங்கும்னு தாய்ப்பூனைக்கே தெரியாது. ஊசி போட்ட எடத்துல கட்டி வருமாமேங்கறியா? ஆயிரக்கணக்குல ஒண்ணுக்கு வரலாம், பொய்யில்ல. பார்வோ அப்படிக் கணக்குப் பார்த்து வராது. சினைப்பூனைன்னா முன்னாடியே சொல்லிடு, இந்த ஊசியால வயித்துக் குட்டியோட சிறுமூளை கெட்டுடலாம்.

ரேபிஸ் ஊசிக்கு யோசனையே வேணாம். அது உனக்காகப் போடறது.

லுக்கேமியா வைரஸுக்குத்தான் யோசிக்கணும். எச்சில்ல பரவும், ஒரே கிண்ணம், ஒண்ணையொண்ணு நக்குறது போதும். வீட்டோட கெடக்கிற ஒத்தப் பூனைக்கு அவசரமில்ல. ஆனா நீ தெருவுலேர்ந்து இன்னொண்ணு தூக்கிட்டு வருவே, மூஞ்சியே சொல்லுது. முதல்ல அதுக்கு ரத்தச் சோதனை, அப்புறம் அறிமுகம்.

ஆசிரமத்துல 1948-ல போன லட்சுமிப் பசுவோட சமாதி, பக்கத்துலயே மான், காக்கா, நாய்க்கும் சமாதி, எல்லாம் பார்த்துக் கண்ணு கலங்கினியாமே. உன் பூனைக்கும் ஒரு மூலை கேக்கலாம்னு இருந்தா, அந்த வரிசை எப்பவோ முடிஞ்சாச்சு.

டாக்டர்கிட்ட பூனையை மூடுகூடையில கொண்டு போ. இடுப்புல இடுக்கிட்டுப் போனா முதல் ஊசி உனக்குத்தான். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் கெளம்பாதே, செங்கம் ரோட்டுல எறும்புக்கே வழி கெடைக்காது.