நிஷி கசாய் டிவி மெக்கானிக்

அன்புள்ள அத்தானுக்கு,

கடைத் தராசில் நம்பர் கறுத்துப்போய் ஐநூறா எண்ணூறா என்றே தெரியவில்லை, “ஜப்பான்லதான இருக்க மாப்ளே, ஒரு டிஸ்பிளே வாங்கி அனுப்பு” என்று கேட்டிருந்தீர்கள். போட்டோ பார்த்தேன். டிஸ்பிளேக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் படுகிறது. கிட்டே போய் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால், செத்தது கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் பிலிம் மட்டும்.

பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே அக்கா இறக்கிவிடுவாளே, இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். எல்லாம் டோக்கியோவில் நாங்கள் இருக்கிற இந்த நிஷி கசாய்க் குப்பை கற்றுக்கொடுத்த வித்தை.

நாங்கள் இருக்கிற வீட்டில் முன்பு குடியிருந்தவர், அலமாரிக்குள் ஒரு பழைய மானிட்டரை விட்டுப் போயிருந்தார். திரை முழுக்கப் பழுப்பு. தூக்கிப் போடலாமென்றால், எரிகிற குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள், பாட்டில் பேப்பருக்கு ஒரு நாள். எல்லாம் காலை எட்டு மணிக்குள். நாற்காலி மாதிரிப் பெரிய சாமானென்றால் முன்கூட்டியே சொல்லி, நாள் குறித்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி வாசலில் வைக்க வேண்டும். உங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கறாராக நாள் பார்க்கவில்லை. மானிட்டருக்கு அந்த ஸ்டிக்கரும் செல்லாது. செய்த கம்பெனிதான் திரும்ப எடுக்கணும். 2003 அக்டோபருக்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்கு விற்றதில் மறுசுழற்சி முத்திரை இருக்கும், அதற்குக் கட்டணமில்லை. இதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தும் முத்திரை அகப்படவில்லை. அதற்கும் முந்திய சாமான். ஆயிரக்கணக்கில் யென் கட்டினால் எடுத்துக்கொள்வார்களாம்! டிவி, பிரிட்ஜுக்கு 2001-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. கழிக்கிறவன்தான் பணம் அழணும்.

நம்ம தெருவென்றால் பழைய இரும்புக்காரர் பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிப்போவார், அக்கா இன்னும் ஒரு கை போடச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். இங்கே டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்குப் பழைய செல்போன், கம்ப்யூட்டர்களிலிருந்தே 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். தங்கம் அவர்களுக்கு, கட்டணம் எனக்கு. இதென்ன நியாயம் அத்தான்?

அந்த வீம்பில்தான் அகிஹாபரா எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போய் பிலிம் வாங்கிவந்தேன். மானிட்டர் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிலிம், பின்னால் ஒன்று. ஒரே திசையில் அசைகிற ஒளியை மட்டும் அது விடும். நடுவிலிருக்கும் திரவப் படிகம் ஒளி அசையும் திசையைத் திருப்பினால் வெளிச்சம், திருப்பாவிட்டால் இருட்டு. அவ்வளவுதான் எல்சிடி. பிலிமின் உள்ளே அயோடின் ஏற்றி இழுத்த பிளாஸ்டிக், அதற்கு இருபக்கமும் அசிடேட் உறை. வருஷக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டால் அந்த உறை இற்றுப்போய் வினிகர் வாடை விடும். பழைய சினிமா ரீல்களுக்கு வருகிற வியாதியும் இதேதான்.

முன் பிலிமை உரித்ததும் திரை வெறும் வெள்ளை. படம் உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. அப்போது நீங்கள் ஏர்போர்ட்டில் வாங்கித்தந்த கூலிங்கிளாஸ் ஞாபகம் வந்தது. அதுவும் அதே பிலிம் ஜாதி. மாட்டிக்கொண்டு தலையை வலதுபக்கம் சாய்த்தால் படம் தெளிவாகத் தெரிகிறது. இடதுபக்கம் சாய்த்தால் கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி நெகட்டிவ்! நடுராத்திரியில் வெள்ளைத் திரைமுன் கூலிங்கிளாஸோடு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, தூக்கத்தில் எழுந்துவந்த அறைத்தோழன் (மதுரைக்காரன்) கேட்டான்: “மெட்ராஸ் ஐ-யா, கழுத்துச் சுளுக்கா?”

ஒட்டுவது பெரிய வேலையில்லை. பழைய பசையை எடுப்பதுதான் உயிர்போகிற வேலை. குற்றாலத்துப் பலாப்பழம் அரிந்த கை மாதிரிப் பிசுபிசுப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். புது பிலிமை இந்த மானிட்டருக்குக் கோணலாக, 45 டிகிரியில் வெட்டணும். வெட்டுமுன் திரைமேல் வைத்துச் சுற்றிப்பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்ளணும். ஒரு ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனால் குமிழ் விழாது.

மானிட்டர் இப்போது பளிச். அதில் பார்க்கத்தான் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சேதி பரவிவிட்டது. நம்மாட்கள் மங்கிப்போன கால்குலேட்டர், கேம்பாய் என்று ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார்கள். காசு வாங்குவதில்லை, வத்தக்குழம்பு வாங்குகிறேன். ஆபீசில் என்னவோ பெரிய பதவிதான், ஆனால் “அண்ணே, நீங்க இல்லன்னா இதத் தூக்கித்தான் போட்டிருப்பேன்” என்று ஒருவன் சொன்னபோது வந்த பெருமை, ப்ரமோஷன் வந்த அன்றைக்குக்கூட வரவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். தராசை நீங்களே திறக்க வேண்டாம். எடையளவு முத்திரை உடைந்தால் அபராதம். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் கொடுத்து, பிலிம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். திரும்ப முத்திரை வைத்த பிறகுதான் கடையில் வையுங்கள். நம்ம கரிசல்காட்டு வெயிலில் வாசல் பக்கம் வைத்தால் புதுப் பிலிமும் நாள்பட நிற்காது. கல்லாவுக்கு உள்பக்கமாகத் தள்ளுங்கள்.

இங்கே ஜூன் மழை விடாமல் கொட்டுகிறது. அங்கே குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. போன வாரம் நீங்களெல்லாம் ஐந்தருவியில் குளிக்கிற வீடியோவை எனக்கு அனுப்பவேண்டிய அவசியம் என்ன அத்தான்? அக்காவிடம் கோவில்பட்டி கடலைமிட்டாய் கேட்டதாகச் சொல்லுங்கள். டப்பாவில் வேண்டாம், பேப்பரில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். டப்பாவுக்கு நாள் பார்க்க என்னால் முடியாது.

அன்புடன்,
உங்கள் மாப்ளே