தோளில் ஏறும் குரங்கு

புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு என்னால் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை ஒன்றே ஒன்றுதான்: ஆபீஸ் வராந்தாவில் சும்மா நடக்காதீர்கள். நடந்தே தீரவேண்டும் என்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடங்கள். மறுமுனையில் யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன் என் சொந்தச் சரக்கு. மற்றது வில்லியம் ஆங்கென், டொனால்ட் வாஸ் என்ற இருவர் 1974-இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரை. மேனேஜர் வராந்தாவில் போகிறார். எதிரே அவரிடம் வேலை பார்ப்பவர் வந்து, "சார், நமக்கு ஒரு சிக்கல்" என்கிறார். கவனியுங்கள், 'எனக்கு' இல்லை, 'நமக்கு'. மேனேஜருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். மூக்கை நுழைக்கும் அளவுக்குத் தெரியும், நின்ற இடத்தில் முடிவு சொல்லும் அளவுக்குத் தெரியாது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று நகர்கிறார். அதுவரை அந்த ஆளின் முதுகில் இருந்த குரங்கு ஒரே தாவலில் மேனேஜர் முதுகுக்கு வந்துவிட்டது. குரங்கு என்பது வேறொன்றுமில்லை, அடுத்த காரியத்தைச் செய்ய வேண்டிய பொறுப்பு. இரண்டு நாள் கழித்து அதே ஆள் கதவருகே தலையை நீட்டி, "சார், அது என்னாச்சு?" என்று கேட்கிறார். இப்போது யார் யாருக்கு மேலதிகாரி?

கட்டுரையில் வரும் மேனேஜர் குரங்குகளுக்குத் தீனி போட சனிக்கிழமையும் ஆபீசுக்கு வருகிறார். ஜன்னல் வழியே பார்த்தால் அவருடைய ஆட்கள் நால்வரும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. என் ஜன்னலில் தெரிவது டீக்கடை. சரக்கு வந்த எண்ணிக்கையும் பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துவராத பைல்களுக்கு நடுவே நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பைல்களின் அசல் சொந்தக்காரர்கள் அங்கே வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருப்பார்கள். நானே கேட்டு வாங்கியதுதான். "விடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்பது என் தாரக மந்திரம். ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தபோது எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திறமைக்காக மேனேஜர் ஆக்கினார்கள். மேனேஜருக்கு அந்தத் திறமை தேவைப்படவே இல்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்பவனை, செய்யத் தெரியாத நாற்காலி வரும்வரை உயர்த்திக்கொண்டே போவார்கள் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-இல் புத்தகமே போட்டுவிட்டார். என்னைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார், மகானுபாவர்.

சரி, குரங்குக்கு மருந்து? வேலை பார்ப்பவனுக்கு ஐந்து படிகள் உண்டு என்கிறது கட்டுரை. சொல்லும்வரை சும்மா இருப்பது முதல் படி. என்ன செய்யட்டும் என்று கேட்பது இரண்டு. இப்படிச் செய்யலாமா என்று யோசனையோடு வந்து, சரி என்றதும் செய்வது மூன்று. செய்துவிட்டு உடனே தெரிவிப்பது நான்கு. தானே செய்து முடித்து, வழக்கமான நேரத்தில் ஒரு வார்த்தை சொல்வது ஐந்து. முதல் இரண்டு படிகளையும் ஆபீசில் தடை செய் என்கிறார்கள்.

இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் விளக்கினேன். ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லாவிட்டால் எனக்குச் செரிக்காது. அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணாம் படி என்ன சொன்னீங்க?"

"சொல்ற வரைக்கும் சும்மா இருக்கறது."

கத்தியைக் கீழே வைத்தாள். "மோட்டார்?"

அந்த ஒரு சொல்தான். 'மோட்டார் போடுங்க' என்று குரல் வந்தால் எழுந்து போய்ப் போடுவேன். மாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்து, 'நிறுத்துங்க' என்று குரல் வந்தால் நிறுத்துவேன். நடுவில் பேப்பர் படிப்பேன்.

"மளிகைக் கடையில நின்னுகிட்டு, உளுந்து முழுசா உடைச்சதான்னு போன் பண்றீங்களே, அது ரெண்டாம் படியா?"

பிளஸ் டூ படிக்கும் மகள் உள்ளேயிருந்து, "அப்பாவுக்கு அப்ரைசல் நடக்குது" என்றாள்.

ஐந்தாம் படியில் யார் இருக்கிறார்கள் என்பதும் அன்றே தெரிந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. சோப்பு தீரப்போவதைப் பார்த்து, தானே கடையில் வாங்கி வைத்துவிட்டு, மாதக் கடைசியில் கணக்குச் சொல்கிறார். தினமும் காபி ஆறும் நேரத்தில் அவர் பேச, மனைவி கேட்பாள். இன்டெல் கம்பெனியின் ஆண்டி குரோவ் 1983-இல் எழுதிய புத்தகத்தில், வேலை பார்ப்பவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள், அது அவருடைய கூட்டம், எதைப் பேசுவதென்று அவரே முடிவு செய்யட்டும் என்கிறார். எங்கள் அடுப்படியில் அது குரோவைக் கேட்காமலே நடக்கிறது.

திங்கட்கிழமை வராந்தாவில் பையன் ஒருவன் மடக்கினான். "சார், நமக்கு ஒரு..."

"நீ என்ன செய்யலாங்கற?"

எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "சப்ளையரை எடைச்சீட்டோட வரச்சொல்லிப் பாக்கலாமா சார்?" என்றான். நாலு நாள் யோசித்திருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது. "செய். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்து சொல்லு" என்றேன். இந்த நாளும் நேரமும் முக்கியம். தேதி குறிக்காத குரங்கு பட்டினி கிடந்து செத்துப்போகும், அல்லது ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் தோளுக்கே திரும்பிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் ஆட்கள் தலையில் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம் என்று நினைக்கவேண்டாம். 1999-இல் இதே கட்டுரையை மறுபடி வெளியிட்டபோது ஸ்டீபன் கோவி சேர்த்து எழுதினார்: பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைச் சுமக்கும் திறமையை ஆளுக்குள் வளர்க்கவேண்டும், அது கடினமான வேலை என்று. வேலை தெரியாதவனிடம் "நீ என்ன செய்யலாங்கற?" என்று கேட்பது மேனேஜர் வேலை அல்ல, வம்பு. முதலில் கூட உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவேண்டும்.

வீட்டில் எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. முதல் இரண்டு படிகளும் அன்றிரவே தடை செய்யப்பட்டன. இப்போது மூன்றாம் படியில் நிற்கிறேன். கடையிலிருந்து போன் செய்து, "உடைச்ச உளுந்து வாங்கலாம்னு நினைக்கறேன்" என்கிறேன். "வேண்டாம்" என்று பதில் வருகிறது. மோட்டார் இலாகா என் கையைவிட்டுப் போய்விட்டது. ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டிவிட்டாள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அதுவே போட்டுக்கொள்கிறது, நிரம்பினால் அதுவே நிறுத்திக்கொள்கிறது. நேராக ஐந்தாம் படியில் சேர்ந்த ஆள். பேப்பரும் படிப்பதில்லை.

ஆங்கெனின் கட்டுரையை மேனேஜர்கள் எல்லோரும் அவசியம் படிக்கவேண்டும். ஆபீசிலேயே படியுங்கள், படித்ததை ஆபீசிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.